ஏற்காட்டில் பூத்த பெயின்ட்டும் தாத்தாவின் அம்பாசடரும்

தம்பி, உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 1/24 அளவு மினி கூப்பர் கிட்டுக்கு, அதாவது அசலை 24இல் ஒரு பங்காகச் சுருக்கிய, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் பொம்மைக் காருக்கு, சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் நீங்கள் அடித்த பெயின்ட் ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சொரசொரத்துவிட்டது. அதை உரித்துவிட்டு ஏற்காட்டு வீட்டில் மறுபடி அடித்தபோது பால் தெளித்தது போல வெளுத்துப் பூத்துவிட்டது. ஏன் என்பது முதல் கேள்வி. காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தெளிக்கும் பேனா போன்ற ஏர்பிரஷ் வாங்கினால் இது சரியாகுமா என்பது இரண்டாவது. தாத்தா மலைப்பாதையில் ஓட்டிய வெள்ளை அம்பாசடரை இதே அளவில் செய்ய முடியுமா என்பது மூன்றாவது. நீங்கள் கேட்க வந்தது மூன்றாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் இரண்டும் தீராமல் அங்கே போக முடியாது.

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். எனக்கும் அதே தொழில்தான். பகலில் வெள்ளி, இரவில் பிளாஸ்டிக் என்று 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. அதனால் நான் சொல்வதில் பட்டறை வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. அசல் கார்க் கதவின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதை 24ஆல் வகுத்தால் 0.04 மி.மீ. வரும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் உடல் ஏறக்குறைய 1.5 மி.மீ. தடிமன் இருக்கும். அதை 24ஆல் பெருக்கிப் பாருங்கள், 36 மி.மீ.! காருக்குக் கோட்டைச் சுவர் கட்டியது போல. பெயின்ட் சங்கதி இன்னும் மோசம். அசல் காரின் மேல் அடிப்பூச்சான பிரைமர் முதல் நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் வரை எல்லாம் சேர்ந்தே 0.1 மி.மீ. அளவுதான். நாம் எவ்வளவு பதமாக அடித்தாலும் பொம்மைக் காரின் மேலும் கிட்டத்தட்ட அதே கனம் ஏறிவிடுகிறது. அசல் காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே 5 மி.மீ. இடுக்கு இருந்தால் 1/24இல் அது 0.2 மி.மீ. இரண்டு பக்கமும் 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினால் இடுக்கே தூர்ந்துவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ‘பொம்மை மாதிரி இருக்கிறதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இந்த வேலையில் எதிரி தடிமன்தான். புதிதாக வருகிறவர்கள் கூடுதல் பாகங்களை வாங்கி ஒட்டிக்கொண்டே போவார்கள். எஞ்சினுக்குக் கம்பி, பிரேக்குக்குப் பித்தளைத் தகடு, உள்ளே சீட் பெல்ட் என்று நூறு சேர்த்தாலும், ஜன்னல் விளிம்பு கோட்டைச் சுவராக நின்றால் நூறும் வீண். நான் கிட்டைப் பிரித்ததும் செய்யும் முதல் வேலை கழிப்பதுதான். சக்கர வளைவின் விளிம்பையும் ஜன்னல் ஓரத்தையும் உள்பக்கமாகச் சாய்வாகப் பொடி அரத்தால் அராவிவிடுவேன். சுவர் முழுவதையும் மெலிதாக்க வேண்டியதில்லை. கண் படுகிற விளிம்பு மட்டும் கத்தி போல இருந்தால் போதும், உள்ளே எவ்வளவு கனம் இருந்தாலும் கண் ஏமாந்துவிடும். அப்படியே கதவு இடுக்குகளைக் கட்டர் பிளேடின் முதுகால் நான்கைந்து முறை மெதுவாகக் கீறி ஆழப்படுத்திவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு இதைச் செய்ய முடியாது.

ஒட்டுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன். அதற்கென்று வரும் தண்ணீர் போன்ற மெல்லிய பசை, பசையே அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரண்டு பாகத்தையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கின் ஒரு முனையில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். பட்டறையில் வெண்காரம் தடவிப் பற்றாசு வைத்து ஊதும்போது அது வளையத்தின் இடுக்கில் சரசரவென்று ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் பசையைத் தடவிவிட்டுப் பிறகு பாகத்தை அழுத்தினால் வழிந்து விரல்ரேகை பதிந்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு இதையும் தொடாதீர்கள், உடனடியாக ஒட்டும் சூப்பர் குளூவையும் தொடாதீர்கள். சூப்பர் குளூவின் ஆவி படிந்து கண்ணாடி பூத்துவிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலை ஊசிமுனையால் வைத்தால் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது.

இனி உங்கள் பெயின்ட். சேலத்தில் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்திலும் ஒரே ஸ்பிரே டப்பாவைப் பயன்படுத்தி இரண்டு விதமாகக் கெடுத்திருக்கிறீர்கள். பெயின்ட்டின் மேல் குற்றமே இல்லை.

சேலத்தில் நடந்தது இது. ஏப்ரல் மாத மதியம், மாடியில் 38 டிகிரி. நாசிலை விட்டுக் கிளம்பிய துளி காருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி காய்ந்துவிட்டது. காய்ந்த துளி பரவாது. விழுந்த இடத்தில் அப்படியே குமிழாக உட்காரும். அடுத்த துளி அதன் மேல் உட்காரும். அதுதான் ஆரஞ்சுத் தோல். மருந்து எளிது: மதியம் அடிக்காதீர்கள், மின்விசிறிக் காற்றில் அடிக்காதீர்கள், இன்னும் சற்று நெருங்கி அடியுங்கள். கடையில் ரிடார்டர் என்று கேட்டால், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் கிடைக்கும். ஏர்பிரஷுக்குக் கலக்கும் பெயின்ட்டில் சில சொட்டுகள் விட்டால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவ நேரம் கிடைக்கும். வெளிநாட்டு விளக்கக் குறிப்புகளில் ‘ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுக்கவும்’ என்று எழுதியிருப்பார்கள். குளிர்தேசத்துக்காரர்களுக்கான அறிவுரை அது. சித்திரை மாதச் சேலத்தில் அதைச் செய்கிறவரை என்னவென்று சொல்வது!

ஏற்காட்டில் நடந்தது நேர் எதிர். லாக்கர் வகைப் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா, அதேதான். மூடுபனி இறங்கியிருக்கும் நேரத்தில் காற்று முழுக்க ஈரம். குளிர்ந்த பெயின்ட்டின் மேல் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளியாகப் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கிறது. எனக்கும் நடந்திருக்கிறது. மலையில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில், கார்த்திகை மாதச் சாயங்காலம், கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். முகட்டிலிருந்து பனி இறங்கி ஏரியை மூடி முற்றத்துக்கு வந்தது. ‘என்ன அழகு’ என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் கையில் இருந்த கறுப்பு வண்டி சாம்பல் பூசணிக்காய் ஆகியிருந்தது.

பூத்த பெயின்ட்டை உடனே உரிக்க வேண்டியதில்லை, தம்பி; நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரமில்லாத நாளில் ஏர்பிரஷில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மிக மெல்லிய புகை போல ஒரு தடவை அடித்தால் படலம் இளகி, மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறி, பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். இனி நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோடையில் சேலத்தில் காலை 8 மணிக்கு முன்னால் அடியுங்கள். ஏற்காட்டில் பனி விலகி வெயில் ஏறிய 11 மணிக்கு மேல் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு இடத்திலும் லாக்கரைத் தொடாதீர்கள். உள்ளே சீட் செய்வது, சக்கரத்துக்கு நிறம் தீட்டுவது போன்ற வேலைகளுக்கு அந்த மாதங்களை ஒதுக்குங்கள்.

ஏர்பிரஷ் தேவையா? தேவைதான், ஆனால் அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. டப்பாவில் வருகிற பெயின்ட்டின் வேகத்தையும் கனத்தையும் உங்களால் மாற்ற முடியாது, ஏர்பிரஷில் முடியும். 0.3 மி.மீ. நாசில், அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை, பெயின்ட் பால் பதத்தில். கம்ப்ரசரில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏற்காட்டுக்கு அது மிக அவசியம். கார் பெயின்ட் கலந்து தரும் கடைகளில் சிறு அளவிலும் நிறம் கலந்து தருவார்கள். மலிவு, நிறமும் அசல் வண்டியினுடையது. ஆனால் அதற்குப் போடும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வெறும் பிளாஸ்டிக்கைக் கடித்துச் சுருக்கிவிடும். கீழே நல்ல பிரைமர் இருந்து, அதன் மேல் ஈரம் தேங்காமல் மெல்லிய சுற்றுகளாக அடித்தால் மட்டும் தப்பிக்கலாம். பட்டறைக்காரர்கள் அடிக்கும் இரண்டு டப்பாக் கலவைக் கிளியர் கண்ணாடி போல மினுங்கும் என்பது உண்மை. அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுவிடும். துணி முகக்கவசம் அதற்குப் போதாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

அடிக்கும் முன் உடலைக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை சில கிட்டுகளில் ஒட்டியிருக்கும், அதன் மேல் பெயின்ட் நிற்காது. எல்லோரும் பாத்திர சோப்பு என்பார்கள். எங்கள் பட்டறையில் வெள்ளி கழுவ ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர் எப்போதும் இருக்கும். பழைய பல்துலக்கியால் அதைத் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவேன். ஒரு குறையும் வந்ததில்லை.

மினுக்குவதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், நான் உட்பட. கிளியர் கோட் குறைந்தது ஒரு வாரம் காய்ந்த பிறகு 2000, 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு காம்பவுண்டு என்னும் மினுக்கும் பசை போட்டு மினுக்க வேண்டும். விளிம்புகளில் பெயின்ட் தானாகவே மெலிந்திருக்கும். அங்கே இரண்டு தேய்ப்பு கூடினால் பிரைமர் பல்லைக் காட்டும். மூன்று மாதம் உழைத்த ஒரு சிவப்பு வண்டியின் பானெட் விளிம்பை நான் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று தேய்த்தேன். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நடுவே மட்டும் தேய்த்து, கடைசி மினுக்கலுக்கு மட்டும் டேப்பை எடுப்பது என்று அன்றைக்குப் பிறகு வைத்துக்கொண்டேன்.

சரி, அம்பாசடர்.

1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் மூன்றாம் தொடர் வண்டிதான் இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடராக உருவெடுத்து 2014 வரை வந்துகொண்டிருந்தது. நீளம் 4,325 மி.மீ.; 1/24இல் 180 மி.மீ., அதாவது ஒரு சாணை விடக் கொஞ்சம் குறைவு. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 103 மி.மீ. உதிரிச் சக்கரங்கள் வாங்கும்போது கவனியுங்கள்: அமெரிக்க கிட்டுகள் பெரும்பாலும் 1/25, ஜப்பானியக் கிட்டுகள் 1/24. பெட்டி ஒன்றுபோல இருக்கும், சக்கரம் வண்டிக்குள் லேசாக ஆடும்.

உடலுக்கு இரண்டு வழி. பொம்மைக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் அம்பாசடரை வாங்கி, அதன் அளவையே ஏற்றுக்கொண்டு, மேலே சொன்னபடி விளிம்புகளைக் கழித்து வேலை செய்வது ஒன்று. நான் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன். கெட்டாலும் நஷ்டம் சொற்பம். 1/24தான் வேண்டும் என்றால் முப்பரிமாண அச்சில் ரெசின் உடல் எடுக்கலாம். ஒரு படலம் 0.05 மி.மீ. என்று பெருமையாகச் சொல்வார்கள். 24ஆல் பெருக்குங்கள்: 1.2 மி.மீ. படிக்கட்டு. அந்த உருண்ட பின்பக்கம் முழுவதும் படிக்கட்டாக நிற்கும். பிரைமர் அடித்து 400, 800 என்று தேய்த்துத் தேய்த்துத்தான் அதைச் சமன்படுத்த வேண்டும். பாலிஸ்டைரீன் பசை ரெசினில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்பாசடரின் உயிர் அதன் குரோமியத்தில் இருக்கிறது. பம்பர், கிரில், ஜன்னலைச் சுற்றியுள்ள மெல்லிய பட்டை, சக்கரத் தொப்பி. வெள்ளிப் பெயின்ட் அடித்தால் அலுமினியச் சொம்பு போல இருக்கும். சமையலறை அலுமினியத் தாளை எடுங்கள். அதன் தடிமன் 0.01 முதல் 0.02 மி.மீ. வரைதான்; தடிமன் கணக்கில் நமக்குச் சாதகமான ஒரே பொருள். பளபளப்பான பக்கம் மேலே இருக்க, அடியில் பசையைப் பூச்சுத் தெரியாத அளவு தடவி, ஒட்டும் பதத்துக்குக் காயவிட்டு, சாமணத்தால் எடுத்து ஜன்னல் ஓரத்தில் படியவிட்டு, காதுக்குச்சிப் பஞ்சால் உருட்டி உருட்டி அழுத்துங்கள். பட்டையின் விளிம்பு தாளின் மேல் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த விளிம்பை ஒட்டிப் புது பிளேடால் அழுத்தாமல் ஒரே இழுப்பில் வெட்டி, மிச்சத்தை உரித்தால் தலைமுடி போல ஒரு மினுக்கம் நிற்கும். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் தாள் கிழியும். ஒரு வண்டிக்கு ஆறு ஏழு பிளேடு செலவழிக்கக் கணக்குப் பார்க்காதீர்கள். வெள்ளித் தொழில் செய்கிறவன் அலுமினியம் ஒட்டுவதா என்று ரோஷப்பட்டு ஒரு முறை அசல் வெள்ளி ரேக்கை ஒட்டினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் பம்பர் கறுத்துவிட்டது. கொலுசு கறுத்தால் கழுவிக்கொள்ளலாம், ரேக்கைக் கழுவ முடியாது.

எஞ்சினைத் திறந்து காட்டப்போவதாக இருந்தால் நான்கு பிளக்குகளுக்கு நான்கு கம்பி, காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. அசல் கம்பி 7 மி.மீ.; நமக்கு 0.3 மி.மீ. வேண்டும். வீட்டு ஒயரை உரித்தால் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஏறக்குறைய அந்தக் கனம்தான். வயரிங் வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் சீட் ரெக்சின். மினுக்கமே இல்லாத பூச்சும் வேண்டாம், முழு மினுக்கமும் வேண்டாம். பழைய மாடல் என்றால் கியர் கம்பி தரையில் இருக்காது, ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். இதைத் தவறவிட்டால் பழைய டிரைவர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று கிரில்லும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது; ஆகவே தாத்தா வண்டியின் ஒரு புகைப்படமாவது கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வெள்ளை நிறம் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவில் உள்ள சுத்த வெள்ளையை அடிக்காதீர்கள். ஒரு கார் 180 மி.மீ. அளவில் தெரிய வேண்டுமானால் அது தூரத்தில் நிற்க வேண்டும். தூரத்தில் எந்த நிறமும் சற்றுத் தணிந்தே தெரியும். ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு சாம்பல் சேர்த்து மோர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். கதவு இடுக்கில் கறுப்பு விடாதீர்கள், வெள்ளை வண்டியில் அது கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போல இருக்கும். நடுத்தரச் சாம்பலே போதும்.

கடைசியில் அழுக்கு. எனக்கு மிகவும் பிடித்த வேலை, நம் ஊருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. மலையடிவாரத்தில் மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் பூமி. மேலே ஏறினால் செம்மண். இரண்டு நிறப் புழுதியும் 30 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது. கோரிமேடு தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தார்ச்சாலையில் மட்டும் ஏறிய வண்டிக்கு மெல்லிய சாம்பல் படலம்தான் இருக்கும். எஸ்டேட் மண்பாதையில் இறங்கிய வண்டிக்குச் சக்கர வளைவுக்குப் பின்னாலும் கதவின் அடிப்பகுதியிலும் செம்மண் தெறித்திருக்கும், பின்பக்கம் முழுவதும் காற்றுச் சுழலில் புழுதி படிந்திருக்கும். மண்ணை அப்படியே தூவினால் 1/24இல் ஒவ்வொரு மணலும் கூழாங்கல் ஆகிவிடும். இங்கேயும் அதே தடிமன் கணக்குதான். அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சலித்து, விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும் பொடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மினுக்கமில்லாத கிளியரை அந்த இடங்களில் மட்டும் அடித்து, உலர்ந்த தூரிகையால் கீழிருந்து மேலாகத் தட்டிவிடுங்கள். முன்கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் இரண்டு வளைவுகளை டேப்பில் வெட்டி ஒட்டிவிட்டுப் புழுதி போட்டு, டேப்பை உரித்துப் பாருங்கள். உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். போதும் என்று தோன்றுவதற்கு முன்பே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள்.

எண் பலகையை மறந்துவிடாதீர்கள். 1989 மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு எழுத்தின் உயரம் 65 மி.மீ., கோட்டின் கனம் 10 மி.மீ. நமக்கு 2.7 மி.மீ. உயரமும் 0.4 மி.மீ. கனமும் வரும். கணினியில் வரைந்து புகைப்படக் கடையில் பளபளப்புத் தாளில் அச்சிட்டால் போதும். ‘டி.என்.’ என்பதோடு வட்டார அலுவலக எண்ணும் சேர்ந்து வரும் இன்றைய வரிசையே 1989இல் வந்ததுதான். தாத்தா வண்டி அதற்கு முந்தையது என்றால் பழைய மூன்றெழுத்து எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஆர்.சி. புத்தகம் வீட்டில் எங்காவது கிடக்கும். தேடும்போதே, பம்பரின் எந்த முனை எந்த வளைவில் நசுங்கியது என்று பாட்டியிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தாள் ஒட்டுவதற்கு முன்பே அந்த நசுங்கலை அராவி எடுக்க வேண்டும்.